ஆறு வாரமும் ஒரு தேதியும்

கணக்குக்காக ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, தைக்கிறாள். நாள்கூலி 400 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 10,400. அதில் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு அவள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 78 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 338 ரூபாய். நாள் தள்ளிப்போய் இப்போது பத்தாவது வாரம். வலி இல்லை, ஒரு சொட்டுக் கறை இல்லை, காலையில் குமட்டல்கூட நின்றபாடில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கேனுக்குப் போகிறாள்.

திரையை டாக்டர் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும்போதே அவளுக்குப் பாதி புரிந்துவிடுகிறது. கருவின் நீளம் 9 மி.மீ., இதயத் துடிப்பு இல்லை என்று சீட்டில் விழுகிறது. பத்து வாரக் கரு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 9 மி.மீ. என்பது ஏழாவது வார அளவு. அதாவது கரு நின்று மூன்று வாரம் ஆகியும் உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

சீட்டின் கடைசி வரியில் ‘மிஸ்ட் அபார்ஷன்’ என்று இருக்கும். பல வீடுகளில் முதல் சண்டையை மூட்டுவது இந்த வரிதான். அபார்ஷன் என்றால் கலைத்தது என்றுதான் ஊரில் அர்த்தம். இது கலைத்தது அல்ல, கலைந்தது. தமிழில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தை வீட்டாரிடம் விளக்கிச் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிடம் போதும். வரிசையில் அறுபது பேர் காத்திருக்கும் நாளில் அந்த நிமிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? 2021ல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 15.3 கலைகின்றன. உலகம் முழுக்க ஆண்டுக்கு 2.3 கோடி, நிமிடத்துக்கு 44. ஏழு கர்ப்பத்தில் ஒன்று என்று வைத்தால், நூறு பெண்கள் உட்காரும் தையல் ஹாலில் இதைக் கடந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். தொடக்க வாரங்களில் கலைபவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் பிழையால் வருபவை. கரு உண்டான நாளிலேயே எழுதப்பட்டுவிட்ட பிழை அது. மெஷின் மிதித்ததாலோ, பப்பாளி தின்றதாலோ, கம்பெனி வேன் நெடுஞ்சாலையில் தூக்கிப் போட்டதாலோ வந்ததல்ல.

ஷூவுக்குப் பசை ஒட்டும் வேலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஒலிபெருக்கித் தொழிற்சாலைப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1992ல் வெளியானது. பசையிலிருந்து வரும் டொலுயீன் ஆவி அதிகம் பட்டவர்களிடம் 100 கர்ப்பத்துக்கு 12.4 கலைந்தன. அதே ஆலையில் ஆவி குறைவாகப் பட்டவர்களிடம் 2.9, வெளிப் பெண்களிடம் 4.5. ஆய்வு சிறியது, அதிகம் பட்டவர்களின் கர்ப்பங்கள் 105தான். ஒரு பெண்ணின் ஒரு கர்ப்பத்துக்கு இதிலிருந்து காரணம் எழுத முடியாது. அடுத்த முறை நாள் தள்ளியதும் பசை மேஜையிலிருந்து மாற்றிக் கேட்பதற்கு இது போதும்.

வழி எது என்று பார்ப்பதற்கு முன்னால் உறுதிப்பாடு. இதில் அவசரமே கூடாது. கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாவிட்டால், அல்லது கருவைச் சுற்றி வளரும் பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. எட்டியும் உள்ளே கரு தெரியாவிட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்லலாம். பிரிட்டனில் 2011 வரை இந்த எல்லைகள் 6 மி.மீ., 20 மி.மீ. என்று இருந்தன. அந்த அளவில் முடிவு சொன்னால் உயிருள்ள கருவையும் தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு என்று தெரிந்ததும் உயர்த்திவிட்டார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆனால் கருவின் நீளம் நாளுக்கு ஒரு மி.மீ. வீதம்தான் வளர்கிறது. நாள் கணக்கில் அம்மாவுக்கு ஒரு வாரம் பிசகியிருந்தால் எல்லாமே பிசகும். அளவு எல்லைக்குக் கீழே இருந்தால் 7 நாள் கழித்து மறு ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்து மட்டும் பார்த்த ஸ்கேன் என்றால் 14 நாள். நம் கணக்குப் பெண்ணுக்கு 9 மி.மீ., எல்லையைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் வேறொருவரைக் கொண்டு இன்னொரு முறை பார்த்துத் தாருங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அதற்கும் நேரம் இருக்கிறது.

நேரம் இருக்கிறது என்பதைத்தான் வீட்டில் யாரும் நம்புவதில்லை. “உள்ளயே வுட்டா விஷமாயிடும்மா, இன்னிக்கே கழுவிட்டு வந்துடலாம்” என்பார் மாமியார். பாசத்தில் சொல்வதுதான். 2006ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ‘மிஸ்ட்’ (MIST) என்ற ஆய்வு 1,200 பெண்களைக் காத்திருத்தல், மாத்திரை, அறுவை என்று மூன்றாகப் பிரித்தது. கிருமித் தொற்று மூன்று பிரிவிலும் 100க்கு 2 முதல் 3தான். காத்திருந்தவர்களுக்கு அது கூடவில்லை. ரத்தப்போக்கு அதிகமில்லை, காய்ச்சல் இல்லை, நாற்றமடிக்கும் கசிவு இல்லை என்றால் இன்றே என்ற அவசரம் மருத்துவத்தில் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு பத்தியும் உண்டு. திட்டமிடாமல் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள்: காத்திருந்தவர்களில் 49 சதவீதம், மாத்திரை எடுத்தவர்களில் 18, அறுவை செய்தவர்களில் 8. எதிர்பாராமல் கருப்பை சுத்தம் செய்ய வேண்டி வந்தவர்கள் முறையே 44, 13, 5. ஆக, காத்திருத்தல் ஆபத்தானதல்ல. ஆனால் கைக்கு அடங்காதது.

எவ்வளவு நாள் காத்திருப்பது? லண்டனில் நடந்து 2002ல் வெளியான ஆய்வில், கரு நின்று உள்ளேயே தங்கியவர்களில் 7 நாளில் 30 சதவீதம் பேருக்கும், 14 நாளில் 59 சதவீதம் பேருக்கும் தானாக முடிந்தது. கடைசிவரை காத்திருந்ததில் 76. பை மட்டும் வளர்ந்து கரு உருவாகாதவர்களுக்கு 25, 52, 66. நூறில் 59 என்பதைப் பாதிக்கு மேல் என்று படிப்பவரும் உண்டு, 41 பேருக்கு நடக்கவில்லை என்று படிப்பவரும் உண்டு. எந்த நாளில் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியாது. கம்பெனி வேனிலா, ஹாலிலா, ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டிலா?

மாத்திரைக்கு வருவோம். மிசோப்ரோஸ்டால் மட்டும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2005ல் வந்தது, 652 பெண்கள். 800 மைக்ரோகிராமில், மூன்றாம் நாளுக்குள் 71 சதவீதம் பேருக்கு முழுமையாக முடிந்தது. தேவைப்பட்டவர்களுக்கு இரண்டாம் தவணையும் கொடுத்து எட்டாம் நாளில் 84. அதே ஆய்வில், கருவியால் உறிஞ்சி எடுக்கும் முறைக்கு 97. 2018ல் இன்னொரு ஆய்வு, 300 பெண்கள். முதலில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் கொடுத்தபோது ஒரே தவணையில் 83.8 சதவீதம். மிசோப்ரோஸ்டால் தனியாக என்றால் 67.1. பிறகு உறிஞ்சல் தேவைப்பட்டவர்கள் 8.8க்கு எதிராக 23.5. 2020ல் பிரிட்டனில் 711 பெண்களிடம் நடந்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 14 வாரத்துக்கு உட்பட்ட கருவுக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த முறையைச் சொல்கிறது. ஒரு மாத்திரை கூடுவதால் நூறில் பதினைந்து பேர் ஆபரேஷன் தியேட்டர் வாசலை மிதிக்காமல் தப்புகிறார்கள். என் கண்ணுக்கு இந்தக் கட்டுரையிலேயே மலிவான சரக்கு அதுதான்.

ஆனால் அந்த மாத்திரை கைக்கு வருவது லேசில்லை. 2020ல் ஆறு மாநில மருந்துக் கடைகளில் நடந்த கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கருக்கலைப்பு மாத்திரை வைத்திருந்த கடைகள் 100க்கு 2. அசாமில் 69.6. சீட்டை நீட்டினால் கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே மாத்திரை என்று முடிவானால் மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்வதுதான் வழி. பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக் கொடுத்ததைத் தானாகப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது, குழாய் வெடித்தால் உயிரே போகும். ஸ்கேன் முதலில் என்பது அதற்காகவும்தான்.

மாத்திரை போட்ட நாள் எப்படி இருக்கும் என்பதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். சில மணி நேரத்தில் இழுத்துப் பிடிக்கும் வலி. மாதவிலக்கைவிட அதிக ரத்தம், கட்டிகட்டியாக. குளிர் நடுக்கம், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு. பிறகு இரண்டு மூன்று வாரம் சொட்டுச் சொட்டாக. ஒரு பெரிய நாப்கின் முழுதும் நனைவது மணிக்கு இரண்டு என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் 108க்கு அழைக்க வேண்டும். 48 மணி நேரம் ஆகியும் ரத்தமே வராவிட்டாலும் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். வலி மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஆறு பேருக்கு ஒரே கழிப்பறை என்றால் அதுவும் கணக்கில் சேரும்.

ரத்தமும் ஒரு செலவு இனம்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2005 ஆய்வுப் பெண்களிடம் ஹீமோகுளோபின் இறங்கியது மாத்திரையில் சராசரியாக 0.7 கிராம், உறிஞ்சலில் 0.2. 12ல் இருப்பவளுக்கு 0.7 பெரிதல்ல. 8ல் நிற்பவளுக்கு அது வேறு கதை. அளவு தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பது பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் பஸ் ஏறுவது மாதிரி. அதே ஊசியில் ரத்த வகையையும் பார்த்துவிட வேண்டும். இந்தியரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் ஆர்.ஹெச். நெகடிவ். அவர்கள் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழிக்கு ஊரில் ஒரே பெயர், ‘டி அண்ட் சி’. ‘சுத்தம் பண்றது’, ‘கழுவுறது’ என்பதும் அதுவே. உண்மையில் இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு இந்த ஒரு பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. கூர்மையான கருவியால் சுரண்டி எடுப்பது பழைய முறை. அதை விட்டுவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்கிறது. பிளாஸ்டிக் குழாயாலும் உறிஞ்சியாலும் எடுப்பது இப்போதைய முறை. கையால் இயக்கும் 60 மி.லி. சிரிஞ்சே போதும், பதினைந்து நிமிடத்துக்குள் முடியும், கருப்பை வாயை மட்டும் மரக்கச் செய்தும் பண்ணலாம். கருப்பையில் ஓட்டை விழும் அபாயம் ஆயிரத்தில் ஐந்துக்குள். மறுபடி செய்ய வேண்டி வருவது நூறில் ஐந்து வரை. திரும்பத் திரும்பச் சுரண்டினால் உட்சுவர் ஒட்டிக்கொண்டு அடுத்த கர்ப்பத்துக்கே தடையாகலாம். ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உறிஞ்சலா, சுரண்டலா? தோல் தொழில் ஊரில் இந்த இரண்டாவது சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி காசு. மிஸ்ட் ஆய்வின் செலவுக் கணக்கும் அதே ஆண்டு வந்தது. ஒரு பெண்ணுக்குக் காத்திருத்தல் 1,086 பவுண்டு, மாத்திரை 1,410, அறுவை 1,585. மருத்துவமனைச் செலவோடு போன வேலை நாளையும் சேர்த்த தொகை அது. காத்திருப்பதுதான் மலிவு என்று அந்தக் கணக்கு முடிகிறது. ஆம்பூரில் அதை அப்படியே வைக்க முடியாது. அரசு மருத்துவமனையிலும் வேலூர் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு 50 கி.மீ., அந்தப் பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு. கூட வரும் கணவனின் நாள்கூலியும் உண்டு. காத்திருப்பவள் இரண்டு மூன்று ஸ்கேனுக்குப் போய்வர வேண்டும், உறிஞ்சல் செய்தவள் பெரும்பாலும் ஒரு முறைதான். இங்கே பெரிய தொகை மருத்துவமனைப் பில்லில் இல்லை, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

இ.எஸ்.ஐ.யில் கரு கலைந்தவளுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 42 நாள், சராசரி நாள்கூலி முழுதாக. 42 × 400 = 16,800 ரூபாய். ஆண்டு முழுக்க அவள் கட்டியது 936 ரூபாய். மாதச் சம்பளம் 21,000க்குள் இருக்க வேண்டும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாளுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும். சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கு 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதே ஆறு வாரத்தைத் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் ஆறு வாரம் மாறவில்லை.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. கருச்சிதைவு என்பதற்குச் சட்டம் சொல்லும் பொருள், கருப்பையில் உள்ளது வெளியேறுவது. கரு நின்றுபோவது அல்ல. ஆகவே ஆறு வாரம் ஸ்கேன் நாளிலிருந்து ஓடாது, வெளியேறிய நாளிலிருந்துதான் ஓடும். இடையில் இருக்கும் நாள்கள் வெறும் நோய்க்காலம். டாக்டர் ஓய்வுச் சான்று தந்தால் கூலியில் 70 சதவீதம், முதல் இரண்டு நாளுக்கு அதுவும் கிடையாது. ஞாயிறைக் கழிக்காமல் போட்டால் நம் பெண்ணின் கணக்கு இப்படி வரும்:

காத்திருத்தல், 14 நாளும் ஓய்வில். போன கூலி 5,600. வந்தது 12 நாளுக்கு 280 வீதம் 3,360. துண்டு 2,240.
இரண்டு மாத்திரை முறை, வெளியேறும் வரை 3 நாள். போன கூலி 1,200. வந்தது ஒரு நாளுக்கு 280. துண்டு 920.
உறிஞ்சல், மறுநாளே. போன கூலி 400. வந்தது இல்லை. துண்டு 400.
அதன் பிறகு மூவருக்கும் அதே 16,800.

காத்திருக்கும் நாள்களில் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தால் துண்டே விழாது. அப்படித்தான் பலர் செய்கிறார்கள். அந்த மலிவுக்கு விலை, ஹாலில் ரத்தம் தொடங்கும் மதியம். முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் வித்தியாசம் 1,840 ரூபாய்தான். வழியை மாற்ற அந்தப் பணம் ஒரு காரணமாகக்கூடாது. ஆனால் மாதக் கடைசியில் 1,840 ரூபாய் காரணமாகாத வீடு எத்தனை என்பதை எழுதுகிறவன் தீர்மானிக்க முடியாது. தனியாரிடம் போனால் ஸ்கேன், தியேட்டர், மயக்க மருந்து, படுக்கை, மிச்சம் தங்கினால் மறுமுறைக்கு எவ்வளவு என்று ஐந்தையும் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகு கூட்டிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத பெண்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். வாசற்படியில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாக அப்பரைக் கையால் தைப்பவர்கள். 2016ல் வெளிவந்த களஆய்வு, ஆம்பூர் பக்கத்தில் அவர்களுக்கு ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவாகக் கிடைப்பதைப் பதிவு செய்தது. அந்த விலையில் பத்து ஜோடி தைத்தாலும் நூறைத் தொடாது. அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆகவே 42 நாளும் இல்லை, 280ம் இல்லை. ஏற்றுமதியாகும் ஷூவுக்குள் அந்தத் தையல் இருக்கிறது. அவர்களுக்கு வழி மூன்றும் திறந்திருப்பது அரசு மருத்துவமனையில் மட்டும்தான்.

என்னைக் கேட்டால்? ஹீமோகுளோபின் பத்துக்கு மேல், வீட்டில் துணைக்கு ஆள், கூப்பிடு தூரத்தில் மருத்துவமனை என்றால் இரண்டு மாத்திரை முறையை முதலில் வைப்பேன். ரத்தம் குறைவு, ராத்திரியில் துணையில்லை, ஊர் தூரம், அல்லது இது இன்றோடு முடிந்துவிட வேண்டும் என்ற மனநிலை என்றால் உறிஞ்சல். உடம்பு தானாகச் செய்யட்டும் என்று விரும்புகிறவள் 14 நாள் வரை தாராளமாகக் காத்திருக்கலாம், இடையில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். மூன்றும் சரியான விடைகள்தான். மூன்றையும் சொல்லாமல் நேராக தியேட்டருக்கு நாள் குறிக்கும் சீட்டுதான் தவறு.

எந்த வழியானாலும் மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். ஸ்கேன் தேதி ஒன்று, வெளியேறிய தேதி ஒன்று, இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், கருச்சிதைவு என்று சான்று இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் அதைக் கொடுக்க இரண்டாவது தேதியிலிருந்து 30 நாள்.